சிங்கமுகத் தேவிக்குத் தங்கப் பிடரி

நசுங்கிய பியர் டின் ஒன்றைக் கையில் எடுத்து, அதன் மேலிருந்த எறும்பை சோமசுந்தரம் ஊதித் தள்ளிக்கொண்டிருந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"என்ன முதலாளி, இங்க?"

சுதுகங்கைக் கரை மேட்டில் அப்துல் ஸமத் நின்றுகொண்டிருந்தார். மாத்தளைப் பெருந்தெருவில் சோமசுந்தரத்தின் கடைக்குப் பக்கத்துக் கடைக்காரர். மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர். காலையில் நடக்க வந்திருக்கிறார் போலும். அவருடைய கண் சோமசுந்தரத்தின் கையிலிருந்த டின்னுக்குப் போய், தோளில் தொங்கிய சாக்குக்குப் போய், மறுபடி டின்னுக்கே வந்தது.

"சுத்தம் பண்றேன்," என்றார் சோமசுந்தரம். "ஆத்தங்கரையெல்லாம் ஒரே குப்பை."

"டின்ன மட்டுமா?"

"இன்னைக்கு டின். மத்ததெல்லாம் அப்புறம்."

அப்துல் ஸமத் நெகிழ்ந்துபோய்த் தலையை ஆட்டினார். "நீங்கதான் செய்வீங்க முதலாளி. வேற யாரு செய்வா?"

வேறு யாராவது ஆற்றங்கரையில் பியர் டின் பொறுக்கியிருந்தால் இப்படிப் பொய் சொல்லவேண்டி வந்திருக்காது. சோமசுந்தரமோ நகர மது ஒழிப்புச் சங்கத்தின் தலைவர். கற்பூரம், ஊதுபத்தி, பித்தளை விளக்கு, பொன்னாடை என்று பூசைச் சாமான் விற்கும் அவருடைய கடையில், கல்லாவுக்கு மேலே 'குடித்துவிட்டு உள்ளே வர வேண்டாம்' என்று ஒரு போர்டு தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒலிபெருக்கியைக் கட்டிக்கொண்டு தேயிலைத் தோட்டத்து லயக் குடியிருப்புகளுக்குப் போவார். குடியை விட்டேன் என்று முன்வந்து சொல்பவருக்குத் தன் கடைப் பொன்னாடையைத் தன் கையாலேயே போர்த்துவார். சிலர் இரண்டாவது முறையும் வந்து போர்த்திக்கொண்டு போயிருக்கிறார்கள். சங்கம் அதைக் கண்டுகொள்வதில்லை.

அப்படிப்பட்டவர் சாக்கோடு புதருக்குள் இறங்கியதற்குக் காரணம், அவருடைய ஒரே மகள் விதுஷா.

யாழ்ப்பாணத்தில் சிற்பம் படித்துவிட்டு வந்த பெண். கண்டியில் நடக்கப்போகும் ஒரு கண்காட்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். பழைய தெய்வங்களைப் புது விதமாகச் செய்து காட்டவேண்டுமாம். மற்றவர்கள் காளி, பத்தினி என்று ஊர்த் தெய்வங்களோடு நின்றுகொள்ள, இவள் எகிப்துவரை போய் ஒன்றைப் பிடித்து வந்தாள்.

"செக்மெத்துன்னு பேருப்பா. ஆதி காலத்து தேவி. சிங்க மொகம், பொம்பள ஒடம்பு."

"நம்ம நரசிம்மர் மாதிரியா?"

"கொஞ்சம். இவங்களுக்கு ஒருநாள் கோபம் வந்து மனுஷங்க எல்லாரையும் அழிக்கப் பொறப்பட்டுட்டாங்க. யாராலயும் நிறுத்த முடியல."

"அப்புறம்?"

"பியர்ல செவப்புச் சாயத்தக் கலந்து நெலமெல்லாம் ஊத்தி வெச்சாங்க. ரத்தம்னு நெனச்சு அத்தனையும் குடிச்சிட்டு அப்படியே தூங்கிட்டாங்க. ஒலகம் தப்பிச்சிது."

சோமசுந்தரம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"பியராலயா தப்பிச்சிது?"

"ஆமாப்பா."

"மோர் ஊத்தி வெச்சாங்கன்னு வெச்சுக்கக் கூடாதா?"

"அப்பா, கதையே அதுதான். அதனாலதான் முழுச் சிலையையும் பியர் டின்ன வெட்டிச் செய்யப்போறேன். அழிக்க வந்தவள அடக்கின சாமானாலயே அவள உண்டாக்குறது."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. விளங்காதபோதெல்லாம் அவர் செய்வதைப்போல மனைவியைப் பார்த்தார். பரிமளம் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"பொம்பளப்புள்ள பார் வாசல்ல நின்னு டின் பொறுக்க ஏலாது," என்றாள் அவள். "நீங்கதான் போகணும். ஒங்கள யாரு சந்தேகப்படப் போறாங்க?"

அது உண்மைதான் என்று நம்பித்தான் அவர் கிளம்பினார்.

ஆனாலும் பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயத்துக்குப் பெயர் ஜெயரட்ணம்.

ஜெயரட்ணம் யாழ்ப்பாணத்துக்காரர். அரசாங்கக் காணிக் கந்தோரில் பெரிய பதவியிலிருந்து ஓய்வு பெற்று மாத்தளையிலேயே தங்கிவிட்டவர். சோமசுந்தரத்தின் வீடு இருக்கும் ஒழுங்கையில், அந்தச் சிறு தெருவின் இறக்கத்தில் வீடு. அவருடைய மகன் நிருஜனும் விதுஷாவும் படிக்கும்போதே ஒருவரையொருவர் விரும்பிவிட்டார்கள். நிருஜனுக்கு இப்போது கொழும்பில் வேலை. தைப்பொங்கலுக்கு முன்பே சோமசுந்தரம் முறைப்படி போய்க் கேட்டார். "யோசிச்சுச் சொல்லுறம்," என்றார் ஜெயரட்ணம். சித்திரை வருஷப்பிறப்பும் போய்விட்டது. இன்னும் யோசிக்கிறார். வழியில் கண்டால் அவசரமாகத் தலையை அசைத்துவிட்டு எதிர்ப்பக்கம் நடக்கிறார். கடைக்கு மனைவி நேசம்மாவைத்தான் அனுப்புகிறார். தான் ஒருநாளும் வாசல் படி ஏறியதில்லை.

சோமசுந்தரத்தின் தாத்தா இந்தியாவிலிருந்து தேயிலை பறிக்க வந்தவர். அந்த வீட்டோடு ஒப்பிட்டால் நிலமும் இல்லை, பட்டமும் இல்லை. சோமசுந்தரம் என்றால் ஒரு சொட்டுத் தொடாத மனுஷன் என்று ஊர் சொல்லும் நல்ல பெயர் ஒன்றுதான் இருக்கிறது. மகளுக்காக அவர் முன்வைக்கக்கூடியது அது மட்டும்தான். அதுவும் போனால், ஜெயரட்ணத்தின் வாசலுக்கு எதைக் கொண்டு போவது?

ஆற்றங்கரைப் பொய் அன்று மாலையே வேலை செய்தது.

பெருமை தாங்காத அப்துல் ஸமத் மாநகர சபையில் தனக்குத் தெரிந்தவர்களிடம் சொல்லிவிட்டார். சோமசுந்தரம் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தபோது வாசலில் சபையின் டிராக்டர் நின்றது. பின்கட்டில் சேர்த்து வைத்திருந்த சாக்குகள் எல்லாம் அதில் ஏறியிருந்தன.

"பெரிய சேவை ஐயா," என்றார் மேற்பார்வையாளர் சிங்களத்தில். "இனிமேல் நீங்கள் தூக்கிச் சுமக்க வேண்டாம். வாரா வாரம் நாங்களே வந்து எடுத்துக்கொள்கிறோம்."

என் டின்னைத் திருப்பிக் கொடு என்று எந்தத் தலைவரால் கேட்க முடியும்? சோமசுந்தரம் கைகூப்பி வழியனுப்பினார். சமையலறைக் கதவுக்குப் பின்னால் விதுஷா அழுதுகொண்டிருந்தாள்.

"பொறுக்கின டின் சரிவராதுப்பா," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "அதெல்லாம் துரு, கீறல். தங்க நெறத்துல ஒரு டின் வருது. அது புதுசா இருந்தாத்தான் வெயில் பட்டா பளிச்சுங்கும். ஆனா நான் கடைல போய்க் கேட்டா பொம்பளைங்களுக்குத் தர மாட்டாங்களாம்."

சோமசுந்தரம் நீண்ட நேரம் சாமிப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மோட்டார் சைக்கிளின் ஹெல்மட்டை எடுத்துத் துடைத்தார்.

மாத்தளையில் வாங்க முடியாது. ரத்தோட்டைக்குப் போனார். அங்கே தன்னை யாருக்கும் தெரியாது, தெரிந்தாலும் ஹெல்மட்டுக்குள் யாருக்குத் தெரியும் என்பது அவருடைய கணக்கு. மறுநாள் போயா, அதாவது பௌர்ணமி விடுமுறை என்பதை அவர் யோசிக்கவில்லை. போயாவன்று சாராயக் கடைகள் திறக்காது. ஆகவே முதல்நாள் மாலை, தோட்டங்களிலிருந்து பஸ்ஸில் இறங்கிய ஆட்களெல்லாம் அந்தக் கடை வாசலில்தான் நின்றார்கள். வரிசை வளைந்து பஸ் நிலையம் வரைக்கும் போயிருந்தது.

சோமசுந்தரம் கடைசி ஆளுக்குப் பின்னால் போய் நின்றார். ஹெல்மட்டுக்குள் வியர்த்துக் கொட்டியது. கொஞ்சங் கொஞ்சமாக நகர்ந்து பாதி தூரம் வந்ததும் காவலாளி வந்து அவர் தோளில் தட்டினான். ஹெல்மட்டோடு நிற்கக் கூடாதாம். கழற்றச் சொன்னான்.

கழற்றினார்.

முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்தார். எல்கடுவைத் தோட்டத்து ஆள். போன ஞாயிற்றுக்கிழமைதான் சோமசுந்தரம் அவருக்குப் பொன்னாடை போர்த்தியிருந்தார்.

"ஐயா," என்றார் அவர், முகம் வெளுத்துப்போய். "எங்களப் புடிக்கவா வந்தீங்க?"

"இல்ல, இல்ல. நான் சாமான் வாங்கத்தான் வந்தேன்."

"இங்கயா?"

வரிசை முழுவதும் திரும்பியது. உண்மையைச் சொல்லிவிடலாம் என்று சோமசுந்தரம் வாயைத் திறந்தார். "மகளுக்கு வேணும்னு கேட்டா. அதனாலதான்."

"மகளுக்குங்களா?"

அந்தக் கேள்வி வரிசையில் வாய்க்கு வாய் பின்னால் போவது அவர் காதிலேயே விழுந்தது. கலியாணம் பேசிக்கொண்டிருக்கும் பெண். ஒரு நொடிதான் யோசித்தார்.

"மகளுக்கு இல்ல," என்றார் உரக்க. "எனக்கு. எனக்குத்தான். நான்தான் குடிக்கிறேன்."

வாழ்க்கையில் அவர் சொன்னதிலேயே பெரிய பொய் அது. ஆனால் யாரும் சிரிக்கவில்லை. எல்கடுவைக்காரர் மிகுந்த மரியாதையோடு விலகி வழிவிட்டார்.

"ஐயாவ முன்னுக்கு விடுங்கப்பா. இப்பத்தான் நம்ம கஷ்டம் அவருக்கு வெளங்கியிருக்கு." பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்ப அந்தப் பொன்னாடையத் திருப்பித் தர வேணாந்தானுங்களே?" என்று கேட்டுக்கொண்டார்.

மறுநாள் போயா. அவசரமாகச் செய்யவேண்டிய வேலை, வாங்கி வந்த பெட்டியைக் காலி செய்வது. மது ஒழிப்புச் சங்கத் தலைவர் வீட்டில் அத்தனை பியரை ஒருநாளும் வைத்திருக்க முடியாது. விதுஷா ஒவ்வொரு டின்னாகத் திறந்து கொடுக்க, பரிமளம் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாங்கிக் கொடுக்க, சோமசுந்தரம் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்கட்டுக் கானில் கவிழ்த்தார்.

கான் என்றால் வீட்டுக்குள்ளேயே முடிந்துவிடும் சமாச்சாரமில்லை. மழைத் தண்ணீர் போகும் அந்தக் கால்வாய் வேலி ஓரமாக ஓடி, ஒழுங்கையில் இறங்கி, இறக்கத்திலுள்ள எல்லா வீட்டு வாசலையும் தொட்டுக்கொண்டுதான் போகிறது. நுரையோடு வாசனையும் போனது. அதை அவர் நினைத்துப் பார்த்தபோது பெட்டி காலியாகியிருந்தது.

ஓடிப்போய்க் கேட்டைத் திறந்து பார்த்தார்.

கீழே, தன் வீட்டு வாசலில், கானின் ஓரத்தில் ஜெயரட்ணம் நின்றுகொண்டிருந்தார். சாரமும் வெள்ளை பெனியனும். இழவு வீட்டுக்கு வந்தவரைப்போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஓடும் நுரையையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒருமுறை குனிந்தும் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, நுரை வந்த வழியே கண்ணை மேலே கொண்டுவந்து, சோமசுந்தரத்தில் நிறுத்தினார்.

சோமசுந்தரம் வணக்கம் சொல்லக் கையைத் தூக்கினார். கையில் காலி டின் இருந்தது.

ஜெயரட்ணம் ஒரு நெடுமூச்சு விட்டார். மெல்ல உள்ளே போய்க் கேட்டைச் சாத்திக்கொண்டார்.

"முடிஞ்சுது," என்றார் சோமசுந்தரம், பின்கட்டுப் படியில் உட்கார்ந்து. "போயாவும் அதுவுமா, அந்த மனுஷர் மூக்குக்கு முன்னாலயே ஓட விட்டுட்டேன். எம்புள்ளைக்கு நானே குழி தோண்டிட்டேன் பரிமளம்."

பரிமளம் அவர் கையிலிருந்த டின்னை வாங்கி மகளிடம் கொடுத்தாள்.

அவ்வளவு பாடுபட்டும் அந்தப் பெட்டி, தேவியின் ஒரு கைக்கும் தோளுக்கும்தான் போதுமாக இருந்தது. மீதி உடம்பு கம்பிக்கூடாக நின்றது. தலைக்குப் பின்னால் சூரியவட்டமாகக் கடையிலிருந்து ஒரு பித்தளைத் தாம்பாளம் ஏறியிருந்தது. முகத்தை மட்டும் விதுஷா களிமண்ணில் பிடித்து முடித்திருந்தாள். புருவம் நெரிந்து, மூக்கு விடைத்து, இப்போதே பாயப்போவதைப்போல இருந்தது.

"இந்த மொகத்த எங்கயோ பாத்திருக்கேனே," என்றார் சோமசுந்தரம்.

"கோபத்துக்கு அம்மாவத்தான் பாத்துச் செஞ்சேன்," என்றாள் விதுஷா.

பரிமளம் கிட்டே வந்து பார்த்தாள். "நான் எப்ப இப்படி மொறச்சேன்?" என்று கேட்டு முறைத்தாள். சிலைக்கும் அவளுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

பிடரி மயிர்தான் பெரிய பிரச்சினை. தோளிலிருந்து இடுப்புவரை வழியும் தங்கப் பிடரி வேண்டுமாம். அதற்குச் சாக்குச் சாக்காக டின் தேவை. பெண் சிங்கத்துக்குப் பிடரி ஏது என்று சோமசுந்தரம் நம்பிக்கையோடு கேட்டுப் பார்த்தார். "இது மாடர்ன் ஆர்ட்ப்பா," என்று பதில் வந்தது.

பரிமளம்தான் பழைய இரும்பும் போத்தலும் வாங்கும் இந்திரகுமாரைக் கூப்பிட்டு விட்டாள். அவர் தள்ளுவண்டியை நிறுத்திவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"தங்க நெற டின்னா? ஒரு வீடு இருக்குதுங்க. அவங்க அது ஒண்ணத்தான் குடிப்பாங்க. பின்பக்கத்து ஷெட்டு நெறையச் சேத்து வெச்சிருக்காங்க. ஒரு கீறல் இருக்காது."

"யார் வீடு?"

"அது மட்டும் கேக்காதீங்க ஐயா. சத்தியம் வாங்கியிருக்காங்க. பெரிய மனுஷர். ஊர்ல யாருக்கும் தெரியக் கூடாதுன்னு சொல்லியிருக்கார். குறிப்பா ஒங்க காதுல விழவே கூடாதாம்."

சோமசுந்தரத்துக்கு அந்தக் கஷ்டத்திலும் கொஞ்சம் பெருமையாக இருந்தது. இந்த ஊரில் குடிப்பவர்கள் இன்னும் அவருக்குப் பயப்படுகிறார்கள்.

மறுநாள் இந்திரகுமார் கொண்டுவந்து இறக்கிய சாக்குகளைப் பார்த்ததும் பெருமை போய்விட்டது. முற்றம் நிறைந்தது. கழுவித் துடைத்து வைத்ததைப்போல அத்தனையும் தங்கம்.

"இவ்வளவும் ஒரு ஆளா?" என்றார் சோமசுந்தரம். "இது வயிறா, தண்ணி டேங்கா? அந்தப் பொண்டாட்டி என்ன பாடுபடுறாளோ. அந்த வீட்டுக்குப் பொண்ணு குடுக்கிறவன் கண்ணக் கட்டிக்கிட்டுத்தான் குடுக்கணும்."

இந்திரகுமார் அவசரமாக வெறும் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார். ஆனால் தங்க டின் சாக்குகள் தலைவர் வீட்டு முற்றத்தில் இறங்கியதை ஒழுங்கையே பார்த்தது. ரத்தோட்டைக் கதையும் அதற்குள் பஸ் ஏறி மாத்தளைக்கு வந்து சேர்ந்திருந்தது. கடையில் கற்பூரம் வாங்க வந்தவர்கள் அவருடைய வாயை முகர்ந்து பார்ப்பதைப்போலக் கிட்டே வந்து பேசினார்கள்.

அடுத்த வாரம், சங்கத்து உறுப்பினருமான அப்துல் ஸமத் கடைக்குள் வந்து கதவைப் பாதி சாத்தினார்.

"முதலாளி, நான் ஒண்ணும் கேக்க மாட்டேன். மனுஷனுக்கு ஆயிரம் கவலை."

"நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல. அது எகிப்து தேவிக்கு."

அப்துல் ஸமத் அவரை மிகவும் பரிதாபமாகப் பார்த்தார். "அந்த அளவுக்குப் போயிட்டுதா?"

"சிலை. மகள் சிலை செய்யுது. கோபமான தேவி, பியரக் குடிச்சுத் தூங்கிட்டாங்க, அதனால ஒலகம் தப்பிச்சிது."

சொல்லச் சொல்ல அது எப்படிக் கேட்கிறது என்று அவருக்கே தெரிந்தது. நிறுத்திக்கொண்டார்.

"சங்கத்து ஆக்கள் எல்லாம் பேசிட்டம்," என்றார் அப்துல் ஸமத் மென்மையாக. "யாருக்கும் ஒங்க மேல கோபமில்ல. ஞாயித்துக்கிழமை கூட்டத்துல எழும்பி, விட்டுட்டேன்னு ஒரு வார்த்த சொன்னாப் போதும். நாங்க ஒங்களுக்குப் பொன்னாடை போத்துறம். நல்லதா ஒண்ணு எடுத்துத் தாங்க."

சோமசுந்தரம் கண்ணாடி அலமாரியைத் திறந்து, தனக்குப் போர்த்தப்படவேண்டிய பொன்னாடையைத் தானே எடுத்தார். என்ன செய்கிறோம் என்று அவருக்கே தெரியவில்லை. அதைக் கொடுக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டு, கடையைப் பூட்டிவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்தார்.

வீட்டு முன்னறையில் விருந்தாளிகள் இருந்தார்கள்.

அவருடைய சாய்வுக் கதிரையில் ஜெயரட்ணம் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் அவர் மனைவி நேசம்மா. பரிமளம் தேத்தண்ணீர்த் தட்டோடு நின்றாள். நடு அறையில் வெள்ளைத் துணி போர்த்திய சிலை. மறுநாள் கண்டிக்குப் போக லொறி வருவதாக இருந்தது. அதன் பக்கத்தில் விதுஷா. தகரம் வெட்டிய விரல்களெல்லாம் பிளாஸ்டர்.

சோமசுந்தரம் பொன்னாடையை அலமாரி மேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார்.

"பிள்ளையின்ர விஷயம் கதைக்கத்தான் வந்தனாங்கள்," என்றார் ஜெயரட்ணம். "பிள்ளையில எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. தயக்கம் வேற. அதை வாய்விட்டுச் சொல்ல ஏலாமல்தான் இவ்வளவு நாளும் இழுபட்டது."

"சொல்லுங்க," என்றார் சோமசுந்தரம்.

"அண்டைக்குப் போயாவுக்குக் கானைப் பாத்தனான். பிறகு ரத்தோட்டைக் கதையும் காதில விழுந்தது. அதுக்குப் பிறகுதான் உங்களோட நேர கதைக்கலாம் எண்டு துணிவு வந்தது."

இனி மறைக்க ஒன்றுமில்லை என்று சோமசுந்தரத்துக்குத் தோன்றியது. இதுவரை சொன்ன ஒவ்வொரு பொய்யும் அவரை இன்னும் ஒரு படி கீழே இறக்கியதுதான் மிச்சம். உண்மையையாவது சொல்லிப் பார்க்கலாம்.

"ஐயா, எங்கம்மா மேல சத்தியம். நான் குடிக்கிறதில்ல. ரத்தோட்டைல சொன்னது பொய். கானுல ஊத்தினது உண்மை. ஆனா ஒரு சொட்டு என் வாய்ல படல."

ஜெயரட்ணத்தின் முகம் மலரும் என்று எதிர்பார்த்தார். அது வாடியது.

"ஒரு சொட்டும் எடுக்கிறேல்லையோ?"

"ஒரு சொட்டும் இல்ல."

"நல்லநாள் பெருநாளுக்குக்கூட?"

"வாசனை பட்டாலே எனக்கு வாந்தி வரும் ஐயா."

ஜெயரட்ணம் கதிரையின் கைகளைப் பிடித்துக்கொண்டு பாதி எழுந்தார். மனைவியைப் பார்த்தார். "அப்ப வெளிக்கிடுவம்," என்றார் மெதுவாக.

குடிக்கிறேன் என்றபோது வந்த மனுஷர், குடிக்கவில்லை என்றதும் போகிறார். இந்த ஊரில் எதைச் சொன்னால்தான் சரி?

அப்போது விதுஷா துணியை இழுத்தாள்.

யாரும் சொல்லி அவள் அதைச் செய்யவில்லை. பேச்சு முறிந்துபோவதைப் பொறுக்க முடியாமல் செய்திருக்கலாம். மேற்கு ஜன்னல் வழியாக வந்த மாலை வெயில் நேராகப் பிடரியில் விழுந்தது. தோளிலிருந்து இடுப்புவரை நூறு நூறாக வெட்டிச் சுருட்டிய தங்கத் தகடுகள், மூச்சு விடுவதைப்போல அசைந்து மின்னின. அதற்கு நடுவில் பரிமளத்தின் கோபம். தலைக்குப் பின்னால் தாம்பாளச் சூரியன்.

பாதி எழுந்த ஜெயரட்ணம் அப்படியே திரும்ப உட்கார்ந்துவிட்டார். பிடரியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நேசம்மா எழுந்து போய் ஒரு தகட்டைத் திருப்பிப் பார்த்தார்.

சோமசுந்தரத்துக்குக் கண் கலங்கியது. இத்தனை நாள் அதைக் கம்பியும் தகரமுமாகத்தான் பார்த்திருந்தார். இப்போதும் அதற்கு என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரியாது. ஆனால் தன் மகள் பெரிய காரியம் ஒன்றைச் செய்திருக்கிறாள் என்று தெரிந்தது.

"ஐயா, போறதுன்னா போங்க," என்றார். "ஒண்ண மட்டும் சொல்லிடுறேன். இந்தப் பிடரில இருக்கிற ஒரு டின்னும் நான் குடிச்சதில்ல. இந்த ஊர்ல யாரோ ஒருத்தர் குடிச்சது. யாரு எவருன்னு எனக்குத் தெரியாது. நானும் அவர வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஆனா இப்பப் பாக்கிறப்ப, அவர் இல்லேன்னா எம்புள்ளையோட தேவிக்கு முடியே இல்ல. அந்த மனுஷர் மட்டும் என் கண்ணுல பட்டா, ஊர் என்ன சொன்னாலும் சரி, நானே என் கையால அவருக்குப் பொன்னாடை போத்துவேன்."

ஜெயரட்ணம் இன்னும் பிடரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய காது மடல் சிவந்திருந்தது.

நேசம்மா தகட்டை விட்டுவிட்டு, அலமாரி மேலிருந்ததைக் கண்ணால் காட்டினார்.

"அப்ப அந்தப் பொன்னாடையை எடுங்கோ அண்ணை. ஆள் உங்கட கதிரையிலதான் இருக்கிறார்."